சிக்கல் கண்மாய் விராலும் பாம்பன் நீர்நாய்களும்

விடியும்போதே நீர்நாய்களின் அந்தச் சீட்டிச் சத்தம் தொடங்கிவிடும்... பாம்பன் கடல் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும். கூடவே பச்சை மீன் கவிச்சி. இத்தனை வருடம் கழித்தும் மூக்கை விட்டுப் போகாத கவிச்சி.

தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின காலம். கீழக்கரை முதலாளி ஒருவர் பாம்பனில் தோட்டம் போட்டு மான், மயில், நீர்நாய் என்று வளர்த்தார். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். நீர்நாய்க் கூண்டுக்கு, அப்போது குமரியாக இருந்த நான்தான் பொறுப்பு. வேறு யார் உள்ளே போனாலும் ஆண் நீர்நாய் பாய்ந்து கடிக்கும். என்னிடம் அந்த ஜம்பம் பலிக்காது!

அப்பா, அம்மா, மூன்று குட்டிகள். மீனைப் போட்டால் அப்பன்காரன் தான் தின்ன மாட்டான், கவ்விக்கொண்டுபோய்க் குட்டிகளிடம் வைப்பான். எங்கள் தெருவில் அப்படி ஓர் ஆம்பளையை நான் பார்த்ததில்லை.

முதலாளி கொழும்புப் பக்கம் வியாபாரத்துக்குக் கிளம்பினார். தோட்டத்தை மூடுவது என்று முடிவானது. நீர்நாய்க் குடும்பத்தைப் பட்டணத்து மிருகக்காட்சி சாலைக்குக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். ரயிலில் ஏற்ற ஆளுக்கொரு பெட்டி என்று ஐந்து பெட்டிகள் கொண்டுவந்திருந்தார்.

ஐந்து எதற்கு, எல்லாம் ஒரே பெட்டியில்தான் போகும் என்றேன். பிரித்தால் அப்பன் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வான், அம்மாவுக்குப் பால் வற்றிவிடும். அரைநாள் வாக்குவாதம். கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டுப் பெரிய பெட்டி ஒன்று செய்யச் சொன்னார். என்ன தின்னும் என்று கேட்டார். மீன் எதுவானாலும் தின்னும் என்று அடித்துச் சொன்னேன். அங்கே ஏரி மீன்தான் போடுவோம் என்றார். நான் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

சனிக்கிழமை ரயிலுக்கு ஏற்பாடு செய்துவிட்டார் மனுஷன். அதற்கு முந்தின நாள் பெரிய வெள்ளி என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் கரையில் பெரிய வியாழன் மத்தியானத்தோடு வள்ளமெல்லாம் கரையேறிவிடும். பாஸ்கு, அதாவது ஈஸ்டர், முடிந்துதான் கடல். நானும் அன்று வலையைத் தொட மாட்டேன். முந்தின வருடம் ஜோடி மட்டும்தான், வியாழக்கிழமை மீனை வைத்துச் சமாளித்தேன். இப்போது குட்டிகளும் மீன் தின்னப் பழகியிருந்தன. வெள்ளிக்கிழமை காலையிலேயே கூடை காலி.

நல்லவேளை, மான்களைப் பார்த்துக்கொண்ட காளிமுத்து அண்ணன் சிக்கல் கிராமத்துக்காரர். ஊரில் கண்மாய் வற்றி மீன் பிடிக்கிறார்கள் என்று போனவர், வெள்ளி மத்தியானம் கூடை நிறையக் கெண்டையும் ஒரு பானையில் உயிர் விராலுமாக வந்து சேர்ந்தார். விரால் வீட்டுக் குழம்புக்காம்.

கெண்டையை வாங்கிக் கூண்டுக்குள் போட்டேன். அப்பன் முகர்ந்து பார்த்தான். காலால் மண்ணைத் தள்ளி மூடினான்! அம்மாவும் திரும்பிக்கொண்டாள். பசியில் குட்டிகள் கத்த ஆரம்பித்தன...

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாங்களும் அப்படித்தானே? கம்மா மீனா, சேத்து வாடை என்று எங்கள் சனத்தில் யாரும் தொடுவதில்லை. என் கையால் வளர்ந்ததுகளுக்கும் அதே திமிர்.

அதிகாரி சிரிக்கவில்லை. "அங்க வந்தாலும் இதே ஏரி மீன்தானேம்மா" என்றார்.

ரயிலேற்றிவிட்டால் ஒரு வாரத்தில் குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். வீம்பு பிடித்த தாய்தகப்பன் கண்ணெதிரிலேயே. நினைக்கவே பதறியது.

"குட்டிக ஒரு வாயி கம்மா மீனு திங்கட்டும் சார். அதுவரைக்கும் பெட்டிக்குள்ள விடமாட்டேன்" என்றேன். வேலை நாளையோடு போகிறதுதானே, யாருக்குப் பயப்பட வேண்டும்?

வேறு வழி தெரியவில்லை. காளிமுத்து அண்ணன் பக்கம் திரும்பினேன். "அண்ணே, அந்த விராலு உசுரோடதான இருக்கு?"

"குழம்புக்கு ஆத்தா அது..." என்று இழுத்தவர், குட்டிகள் கத்துவதைப் பார்த்துவிட்டுப் பானையோடு வந்தார். அப்படியே கூண்டுக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்தோம்.

விரால்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடின. அவ்வளவுதான்... அம்மா பாய்ந்தாள். பின்னாலேயே அப்பன். செத்த மீனையே தின்று வளர்ந்த குட்டிகள், வாழ்க்கையில் முதல்முறையாக ஓடுகிற மீனைத் துரத்தின. தொட்டியெல்லாம் நுரை. அம்மா ஒரு விராலைக் கரைக்கு இழுத்துவந்து தலையைக் கடித்தாள். குட்டிகள் மூன்றும் அவள் வாயிலிருந்தே பிடுங்கித் தின்றன. சேற்று வாடையாவது ஒன்றாவது!

நான் அழுதுவிட்டேன். ஏன் மறைக்க வேண்டும்?

அண்ணன் மறுபடி ஊருக்கு ஓடி மறுநாளே இன்னொரு பானை விராலோடு வந்தார். சாயங்கால ரயிலில் ஐந்தும் ஒரே பெட்டியில் போயின, பக்கத்திலேயே அந்தப் பானையும். முதலில் உயிர் மீனாகவே விடுங்கள், செத்த மீனைப் பிறகு பழக்கலாம் என்று அதிகாரியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். பாலத்தில் ரயில் ஏறும்வரை சீட்டிச் சத்தம் கேட்டது.

மறுவருடமே எனக்கு மதுரையில் கல்யாணம். வீட்டுக்காரர் ரயில்வே. பாஸில் பட்டணம் போனபோது முதல் வேலையாக அங்கேதான் கூட்டிப்போகச் சொன்னேன். குட்டிகள் கொழுகொழு என்று வளர்ந்திருந்தன. செத்த கெண்டையை ஆளுக்கொன்று கவ்விக்கொண்டு போயின. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை! கோபம் வந்தது. அப்புறம், நிம்மதியாக இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டில் முதல் மீன் குழம்பே கண்மாய் மீன். வாய் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டேன். கடல் கண்ணிலேயே நின்றது. எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்...

மெதுவாகச் சொன்னேன். "அத்தை, நாளைக்கு உசுரோட வாங்கியாரச் சொல்லுங்க. நானே அறுக்கேன்."

இப்போது மதுரையிலேயே கடல் மீன் சீலா, பாறை மீன், நண்டு எல்லாம் ஐஸ் பெட்டியில் வாசலுக்கே வருகிறது. போனில் சொன்னால் வெட்டியே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் அதைத்தான் வாங்குகிறார்கள்.

நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடக்கிறேன். தொட்டியில் துள்ளுகிற விராலாகப் பார்த்து வாங்கிவர.