பிழையாகக் கேட்டுச் சரிபார்த்தவர்

தங்கராசா அண்ணன் இறந்த செய்தி முகநூலில் வேறு யாருடைய படத்துடனோ வந்தது. வீட்டுக்கு அழைத்தேன். அவருடைய மனைவிதான் எடுத்தார். "ஓம் தம்பி, விடியப் போயிட்டார். படத்தில இரிக்கிறது ஆரெண்டு எனக்கும் தெரியா" என்றார். அதற்குள் பலர் அந்தப் படத்தின் கீழே அஞ்சலி எழுதி முடித்திருந்தார்கள்.

மட்டக்களப்பில் எங்கள் வார இதழை வாசித்தவர்களுக்கு அவரை அதன் ஆசிரியராகத் தெரியும். அவர் செய்தியைச் சரிபார்த்த விதம் எங்களுக்குத்தான் தெரியும். வேண்டுமென்றே பிழையாகக் கேட்பார். செங்கலடிச் சந்தியில் நடந்த பஸ் விபத்தை, "ஏறாவூரிலதானே?" என்பார். மறுத்துத் திருத்துபவர் சொல்வதை எழுதிக்கொள்வார். "ஓம்" என்பவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். "தலையாட்டுறவன் கண்டவனில்ல, மனே" என்பார்.

அந்த வித்தைதான் என் செய்தியை நிறுத்தியது. ஓர் அரிசி ஆலை வாவிக்குள் கழிவை விடுவதையும் மீன்கள் செத்து மிதப்பதையும் எழுதியிருந்தேன். கண்ணால் கண்டவர் ஹனீபா என்ற மீனவர். அண்ணன் அவரிடம், "பின்னேரம்தானே திறந்து விட்டவங்க?" என்றார். நடந்தது விடியற்காலையில். ஹனீபாவோ, "ஓம் சேர்" என்றுவிட்டார். நான் கதை கட்டினேன் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்த கிழமை கொழும்புப் பத்திரிகையொன்று அதே செய்தியை முதற்பக்கத்தில் போட்டது. நான் வேலையை விட்டேன்.

ஹனீபாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "பெரிய மனிசன் பிழையாச் சொல்றார். முகத்துக்கு நேர எப்படித் தம்பி இல்லெண்டுற?" என்றார்.

ஹனீபா சொன்னதை அறிந்த அண்ணன் என் வீட்டுக்கே வந்தார். "உன்ட செய்தி சரி. என்ட கேள்விதான் பிழை."

"அச்சில போடுவீங்களா?"

போட்டார். கடைசிப் பக்கத்தில், இரண்டு வரி. அந்தப் பக்கத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் யாரிடம் விசாரித்தாலும், "நான் பிழை விடுவன், ஏசித் திருத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாராம்.

செத்த வீட்டில் அவருடைய மனைவி, "உங்களப் பத்தி அடிக்கடி கதைப்பார்" என்றார்.

"நல்லா எழுதுவன் எண்டுதானே?"

"இல்ல தம்பி. எழுத்துச் சுமார்தான், ஆனா போய்ப் பாத்துத்தான் எழுதுவான் எண்டு சொல்லுவார்."

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம். அதன் முற்பாதி உறுத்துகிறது. அதனால்தான் பிற்பாதியை நம்புகிறேன்.