வடாலா வந்தால் பூலோகத்தின் முறை

பம்பாயில் செம்பூர் ஸ்டேஷனுக்குக் காலை ஏழு இருபதுக்கு வரும் விக்டோரியா டெர்மினஸ் (வி.டி.) லோக்கலில், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் போகிறவர்களுக்குப் பூலோகத்தைத் தெரியாமல் இருக்காது. எதிரெதிரே இருக்கும் இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே, மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாற்பது வயது. டாக்யார்டு ரோட்டில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். இந்த 1966ஆம் வருடத்தோடு அதே வண்டியில், அதே பெட்டியில் எட்டு வருடம் ஆகிறது.

யார் எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். புதிதாக ஏறியவர்கள் தவித்துக்கொண்டு நின்றால், "அந்த நீலச் சட்டைக்காரரு குர்லாவுல இறங்கிருவாரு, அவருக்கு முன்னால போயி நில்லுங்க" என்பார். சொன்னால் சொன்னபடி நடக்கும். அதனால் எல்லாரும் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்குக்கூட இவ்வளவு தெரியாது என்று கேலி செய்வார்கள்.

பம்பாய் ரயிலில் உட்காருவதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவது ஆள் கேட்டால், மூவரும் நெருக்கிக்கொண்டு ஓரத்தில் ஒரு சாண் இடம் விடவேண்டும். "எங்கே இறங்குவீர்கள்?" என்று முதலில் கேட்டவருக்குத்தான் அந்த இடம். பூலோகம் நிற்கும் பெஞ்சில் இன்னொரு சட்டமும் இருந்தது. மான்கூர்டிலும் கோவண்டியிலும் ஏறி உட்கார்ந்து வந்தவர்கள், வி.டி. வரைக்கும் போகிறவர்களாக இருந்தாலும், வடாலா வந்ததும் எழுந்துகொள்ள வேண்டும். அதுவரை நின்றவர்கள் உட்காரவேண்டும். பாதி வழி அவர்களுக்கு, பாதி வழி இவர்களுக்கு. யார் ஆரம்பித்து வைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

கோவண்டியில் ஏறும் முகம்மது ஹனீப் பெஞ்சின் ஓரத்தில் மூன்றாவதாக உட்கார்ந்து வருவார். மேலப்பாளையத்துக்காரர், மஸ்ஜித் பந்தரில் ஒரு கிடங்கில் வேலை. அவருக்கு நேர் எதிரே பூலோகம் நிற்பார். ஆகவே வடாலாவில் ஹனீப் எழுந்தால் அந்த இடம் பூலோகத்தின் முறை. ஆனால் எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அதில் உட்கார்ந்ததில்லை. பக்கத்தில் நிற்கும் வேங்கடசுப்ரமணியனைப் பார்த்து, "உக்காருங்க சார்" என்று சொல்லி நகர்ந்துகொள்வார்.

வேங்கடசுப்ரமணியன் வி.டி.க்குப் பக்கத்தில் கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஹெட் கிளார்க். முதல் மாதம், "நீ உட்காரய்யா, ஒன்னோட டர்ன் இல்லையோ?" என்று கேட்டார். இரண்டாவது மாதம் தாங்க்ஸ் சொன்னார். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. வடாலா வந்ததும் உட்கார்ந்து, பேப்பரை நாலாக மடித்து, பென்சிலால் குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்துவிடுவார்.

"மாஸ்டருக்குப் பெரிய மனசு" என்று பெட்டியில் எல்லாரும் சொல்வார்கள். அது பெரிய மனசு இல்லை என்று பூலோகத்துக்கு மட்டும் தெரியும்.

பட்டறைக்கு வருவதற்கு முன்னால் அவர் தாராவியில் தோல் பதனிடும் கொட்டகையில் ஆறு வருடம் வேலை செய்தவர். எத்தனை முறை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாடை நகக்கண்ணில் நிற்கும். வாரம் ஒரு முறை தோல் கட்டுகளைப் பார்வையிட சயானிலிருந்து மஸ்ஜித் பந்தருக்கு ரயிலில் அனுப்புவார்கள். ஒரு நாள் நல்ல கூட்டத்தில் ஒருவர் இறங்க, அந்த இடத்தில் பூலோகம் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்கைக்கூடப் பிடிக்கவில்லை. எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். காலியான அந்த இடத்தில் மஸ்ஜித் வரைக்கும் வேறு யாரும் உட்காரவில்லை. ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டு மக்கள் நிற்கிறார்கள். அவருக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் இடம் வெறுமையாக இருக்கிறது. வைதிருந்தால் திருப்பி வைதிருக்கலாம். காலி இடத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

அன்றிலிருந்து பூலோகம் ஆட்கள் இருக்கும் பெஞ்சில் உட்காருவதில்லை. வேலை மாறிற்று, வீடு செம்பூருக்கு மாறிற்று, வாடை போய் இரும்புத்தூள் வாசனை வந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை. சாயங்காலம் கூட்டம் வருவதற்கு முன் நாலு மணி வண்டியில் திரும்பும்போது, யாருமில்லாத பெஞ்சு கிடைத்தால் ஜன்னலோரம் உட்காருவார். அவ்வளவுதான்.

ஜூலை மாதம் மழை பெய்த ஒரு நாள், பட்டறையில் இரும்புத் தகடு ஒன்று வழுக்கி அவருடைய இடது கணுக்காலில் விழுந்தது. எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது பட்டறை டாக்டர் சொன்னார்: "திங்கட்கிழமையிலிருந்து வா. ஸ்டூலில் உட்கார்ந்து செய்யும் வேலை தரச் சொல்கிறேன். ரயிலிலும் நிற்காதே. சனிக்கிழமை பார்ப்பேன். கால் வீங்கியிருந்தால் தகுதி இல்லை என்றுதான் எழுதவேண்டி வரும்." அப்படி எழுதிவிட்டால் பதினான்கு வயதிலிருந்து உழைத்துப் பழகிய மனிதருக்கு வேறு வேலை யார் தருவார்கள்?

திங்கட்கிழமை பெட்டியில் ஏறியதும் ஒரே வரவேற்பு.

"என்னய்யா பூலோகம், ஊருக்குப் போனவன் அங்கேயே தங்கிட்டயோன்னு நெனச்சேன்!" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"ஆமா சார், கோயில் கொடைத் திருவிழா. அப்படியே நாளு ஓடிப்போச்சு" என்றார் பூலோகம். பேண்டுக்குள் கணுக்காலில் துணிக்கட்டு இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் எழுந்து இடம் கொடுப்பார்கள், அப்புறம் உட்காரவேண்டும்.

வடாலா வந்தது. ஹனீப் எழுந்தார். பூலோகத்தின் வாய் பழக்கத்தில் தானாகவே, "உக்காருங்க சார்" என்றது.

அன்று மாலை அவர் மனைவி முருகம்மாள் காலைப் பார்த்துவிட்டாள். சதை கட்டுக்கு மேலே பிதுங்கி நின்றது.

"உக்காந்து போனியளா, இல்லியா?"

"கூட்டம் ஏட்டி."

"ஊருக்கெல்லாம் இடம் பிடிச்சுக் குடுக்கிய. உங்களுக்கு ஒரு இடம் கேக்க நாக்கு வரலையோ? சனிக்கிழமை அந்த டாக்டர்கிட்ட போயி கூட்டம்னு சொல்லுங்க, பாப்போம்."

அதனால் புதன்கிழமை பூலோகம் ஒரு வழி கண்டுபிடித்தார். ஹனீப்பின் இடம் வேண்டாம். பழக்கமில்லாத யாரிடமாவது கேட்போம். எதிர் பெஞ்சில் இருந்த ஒரு மராத்திக்காரரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டார். சிவ்ரி என்றார் அவர். சிவ்ரியில் அவர் எழுந்ததும் பூலோகம் ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் பின்னாலிருந்து டிபன் கேரியரோடு ஒருவர், "ரொம்ப தாங்க்ஸ் மாஸ்டர்! நான் கேக்கறதுக்கு முன்னாலேயே பிடிச்சு வெச்சிட்டீங்களே!" என்று உட்கார்ந்துவிட்டார். இடம் பிடித்தால் அது அடுத்தவருக்குத்தான் என்று பெட்டி முழுக்க முடிவாகியிருந்தது. மாஸ்டர் சிரித்தார். வேறு என்ன செய்வது?

வியாழக்கிழமை இரவு வீக்கத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இனி ஒரு நாள்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை வண்டி கோலிவாடா தாண்டியதுமே பூலோகம் சொல்லவேண்டியதை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வடாலா வந்தது. ஹனீப் எழுந்தார். வேங்கடசுப்ரமணியன் பேப்பரை மடித்துக்கொண்டே நகர்ந்தார்.

"சார்" என்றார் பூலோகம். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. "இன்னைக்கு நான் உக்காருதேன்."

வேங்கடசுப்ரமணியன் அப்படியே நின்றார். "ஒக்காரேன். யார் வேண்டாம்னா?" என்றார்.

பூலோகம் உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்தே பழகிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முழங்கால் மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பேண்ட் மேலே ஏறியதில் கட்டுத் தெரிந்தது. எதிரே நின்ற ஹனீப் குனிந்து பார்த்தார்.

"யா அல்லா! இது என்ன மாஸ்டர், காலு மத்தளம் கணக்கா இருக்கு? இத வச்சிக்கிட்டா இத்தனை நாளு நின்னீரு? கோயில் கொடைன்னீரு?"

"ஒண்ணுமில்ல பாய். தகடு விழுந்துட்டுது. எலும்பு கூடிட்டுது."

வேங்கடசுப்ரமணியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார்.

அந்த பெஞ்சில் நான்காவதாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரும் வடாலாவில் இறங்கியிருந்தார். பூலோகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. அடுத்து நின்றவர் என்ற முறையில் அது வேங்கடசுப்ரமணியனுக்கு. அதனால் மற்றவர்கள் தொடவில்லை, அவரும் உட்காரவில்லை. சிவ்ரி போயிற்று, காட்டன் கிரீன் போயிற்று. வண்டியில் அத்தனை கூட்டம். பூலோகம் அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டு வந்தார். டாக்யார்டு ரோடு எப்போது வரும் என்று இருந்தது. காலுக்குச் சுகமாகத்தான் இருந்தது; மனசுக்கு நின்றிருந்தாலே தேவலை என்று தோன்றிற்று.

சனிக்கிழமையும் உட்கார்ந்தே போனார். வேங்கடசுப்ரமணியன் அன்று வரவில்லை. டாக்டர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் இருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம். இதேபோல உட்கார்ந்தே வா" என்று எழுதினார். முருகம்மாள் அன்று பாயசம் வைத்தாள்.

திங்கட்கிழமையும் வேங்கடசுப்ரமணியனைக் காணவில்லை. லீவாக இருக்கும் என்றார் ஹனீப். செவ்வாய்க்கிழமை பூலோகம் பிளாட்பாரத்துக்கு வந்தபோது, நான்காவது பெட்டி நிற்கும் இடத்தில் அவர் பேப்பரோடு நிற்பது தெரிந்தது. லீவு இல்லை, பெட்டி மாறிவிட்டார்.

பூலோகம் பேசாமல் தன் இடத்துக்குப் போயிருக்கலாம். எட்டு வருடமாக அப்படிப் பேசாமல் இருந்துதான் பழக்கம். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு முறை வாய் திறந்தவருக்கு இரண்டாவது முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. நொண்டிக்கொண்டே நேரே போனார்.

"சார், சீட்டுக்காகவா பொட்டி மாறிட்டீங்க?"

"சீட்டா?" வேங்கடசுப்ரமணியனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒடஞ்ச காலோட நீ நிக்கறே; நான் ஒன் எடத்துல ஒக்காந்துண்டு குறுக்கெழுத்துப் போட்டிண்டிருக்கேன். நாலு நாள்! பெட்டி முழுக்க என்னைப் பாத்துது. எந்த மூஞ்சிய வெச்சுண்டு அங்க ஏறச் சொல்றே? ஒரு வார்த்தை சொன்னா என்னய்யா? கோயில் கொடையாம்!"

"உங்க மேல தப்பு இல்ல சார்."

"தப்பு இருக்கோ இல்லையோ. எட்டு வருஷம். ஒரு நாள்கூட ஒக்காரலை. ஏன்யா? அதையாவது சொல்லேன்."

தூரத்தில் கோவண்டிப் பக்கமிருந்து வண்டியின் முகம் தெரிந்தது. பூலோகம் அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"முன்னால தாராவியில தோல் கொட்டாயில வேலை பாத்தேன் சார். அப்ப ஒரு நாளு ரயில்ல உக்காந்தேன். பக்கத்துல இருந்தவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. இந்தக் கூட்டத்துல அந்த எடம் கடைசி வரைக்கும் காலியாவே கெடந்துது."

வெள்ளிக்கிழமை காலியாகக் கிடந்த ஒரு சாண் நினைவுக்கு வந்ததோ என்னவோ, வேங்கடசுப்ரமணியன் பேப்பரை விரித்தார், மடித்தார். வண்டி வந்து நின்றது. எல்லாரும் ஓடினார்கள். பூலோகம் மூன்றாவது பெட்டிக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஏறி, கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் பக்கத்தில் வேங்கடசுப்ரமணியன் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்தார்.

வடாலாவில் ஹனீப் எழுந்தார். ஓரத்து ஆளும் இறங்கினார். பூலோகம் உட்கார்ந்தார். வேங்கடசுப்ரமணியன் அந்த ஒரு சாண் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஹெட் கிளார்க் ஆன பிறகு அவர் நான்காவது இடத்தில் உட்கார்ந்ததே இல்லை.

"கொஞ்சம் தள்ளய்யா" என்றார்.

பூலோகம் நகர்ந்துகொண்டார். வேங்கடசுப்ரமணியன் பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி அந்தரத்திலுமாக, தோளோடு தோள் அழுந்த உட்கார்ந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் சரிந்து, பூலோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி நிமிர்ந்தார். எதிரே நின்ற ஹனீப் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

காட்டன் கிரீன் தாண்டியதும் வேங்கடசுப்ரமணியன் கேட்டார்: "இப்படித் தொங்கிண்டு எத்தனை நாளைக்கய்யா நான் வரணும்?"

"டாக்டரு ரெண்டு வாரம் சொல்லியிருக்காரு சார்."

"அதுக்கப்புறம் பழையபடி என்னை ஒக்காரச் சொல்லிடுவியோன்னோ?"

பூலோகம் அவர் பக்கம் திரும்பினார்.

"இல்ல சார். அதுக்கப்புறம் ஒரு நாளு நீங்க, ஒரு நாளு நானு" என்றார்.