அம்மன் பீடத்தில் ஒட்டிய நூல்

ஊரே சாந்தம்மாவை ஒதுக்கி நிறுத்தியிருந்த அந்த வெள்ளிக்கிழமை, அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தவர் போலீசுக்காகத் தடயம் எடுக்க வந்த கங்கப்பன் ஒருவர்தான். வண்டியில் அவருக்குப் பாட்டில் தண்ணீர் இருந்தது. இருந்தும் கூட்டத்தைத் தாண்டி வந்து, "தொண்ட காயுதுக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்று கேட்டு, எல்லோரும் பார்க்க நின்று குடித்தார்.

ஓசூரை அடுத்த ஜூஜுவாடிக்குப் பக்கத்து ஊர் மாரியம்மன் கோயிலைக் கூட்டிக் கழுவுவது சாந்தம்மாவின் வேண்டுதல். விடியலில் போனவள், பூட்டு அறுபட்டுக் கிடந்ததையும் அம்மன் கழுத்தில் தாலி இல்லாததையும் பார்த்து அலறினாள். பூசாரி மாதேஸ்வரன் ஓடிவந்தார்.

"திருடன் கால் பட்ட எடம், தீட்டு. மொதல்ல கழுவி வுடு" என்றார்.

அவளும் சாணமும் மஞ்சளும் கரைத்து, வாசலிலிருந்து கருவறைப் படி வரை தேய்த்துக் கழுவினாள். அதற்குப் பிறகுதான் போலீசுக்குப் போன் போனது.

வந்த இன்ஸ்பெக்டர் ஈரத் தரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "யாரு கழுவுனது?"

பூசாரி வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு செல்வம்மாள் திறந்தாள். "தெரிஞ்சிதான் கழுவியிருக்கிறா. கால் தடம் நிக்கக் கூடாதில்ல?"

சாந்தம்மாவுக்கு அழுகைகூட வரவில்லை. அம்மன் தாலியை எடுத்தவள் என்ற பேரோடு இந்த ஊரில் எப்படி நடமாடுவது?

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த கங்கப்பன் குந்தாரப்பள்ளிக்காரர், மாட்டுச் சந்தைத் தரகரின் மகன். சர்க்கரை வியாதி, தடித்த கண்ணாடி, மெதுவான பேச்சு. ஷூவோடு உள்ளே போகிறாரே என்று முணுமுணுப்பு எழுந்ததும் கழற்றிவிட்டு, வெறுங்காலில் புது பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டார். தரையில் ஒன்றும் தேறவில்லை.

"எது வரைக்கும் கழுவுனீங்கக்கா?"

"படி வரைக்கும் சாமி. பீடத்த நாங்க தொடக் கூடாதுங்க."

அவர் பீடத்தின் முன் மண்டியிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். தீபத்து எண்ணெய் வழிந்து பிசுபிசுத்த ஓரத்தில், எட்டித் தாலியை அறுத்தவனின் சட்டைக் கை உரசியிருந்தது. ஒரு நீல நூல் துணுக்கு, மினுமினுவென்று கொஞ்சம் இரும்புத் தூள். மூச்சை அடக்கி இடுக்கியால் எடுத்துத் தாளில் மடித்தார்.

"தூசி பொறுக்கவா கவர்மெண்டு சம்பளம்?" என்றாள் செல்வம்மாள்.

"ஆமாங்கம்மா. எங்கூட்லயும் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்று சிரித்தார்.

ஆய்வகம் பதில் சொல்ல மாதங்கள் ஆயின. அதுவரை சாந்தம்மா கோயிலுக்கு வெளியே நின்றே கும்பிட்டாள். நூலும் தூளும் போலீசைக் கம்பெனி யூனிபார்ம் பக்கம் திருப்பின. அம்மன் புண்ணியம், இரும்பு அறுக்கும் வேலைக்குப் போகிற ராஜ்குமார் சிக்கினான். பூசாரியின் தங்கை மகன். அவனுடைய நீலச் சட்டையின் கிழிந்த கையோடு நூல் பொருந்தியது. தாலியும் அவன் அறையிலேயே கிடைத்தது.

ஓசூர் கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்த கங்கப்பனின் காலில் விழப் போனாள் சாந்தம்மா. "என்ன நம்புனது நீங்க ஒருத்தர்தான் சாமி" என்றாள்.

அதன்பின் அவரை அவள் பார்க்கவில்லை. அடுத்த தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார் என்று சேதிதான் வந்தது. கோர்ட் வாசலில் அன்று, காலில் விழப் போனவளைத் தடுத்து நிறுத்தி, அவர் இப்படிச் சொன்னார்:

"நான் நம்பவெல்லாம் இல்லக்கா. நம்பிட்டா கண்ணு வேற எதையும் பாக்காது. உங்க பொடவ நூலு அங்க இருந்திருந்தா, அதையும் இதே மாதிரிதான் எடுத்து மடிச்சிருப்பேன். கோச்சிக்காதீங்க."