முன்னால் ஆணி, பின்னால் மொட்டை

எங்கள் தாஸ்புலாக் கிராமத்தில் ரொட்டி சுடுகிறவள் மக்பால். நாற்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு, வாய் மட்டும் பெரிது. அந்த வாய் ஒரே ஒரு மனிதர் முன்னால்தான் மூடிக்கொள்ளும். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அதை முழுதாக அவர் மேல் கொட்டிவிட முடியாது என்பதுதான் இந்தக் கதை.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மக்பால் ரொட்டி வேலையை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு விடியுமுன்னே காரை எடுப்பாள். பழைய ஜெர்மன் செடான். இன்ஜின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். அவள் பக்கத்தில் அவள் கணவன் கபிதென், பின்சீட்டில் நான். எங்கள் இரண்டு பேருக்கும் சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்து மூன்று வருடம் ஆகிறது. அறுபத்துநான்கு கிலோமீட்டர் தள்ளி, கோக்ஷெதா நகரத்தில்தான் டயாலிசிஸ் மெஷின். எங்களை ஏற்றிப்போன வட்டாரத்து ஆஸ்பத்திரி வேன் போன வசந்தத்தில் படுத்தது, இன்னும் எழவில்லை.

எட்டு மணிக்குள் போனால் முழுசாக நான்கு மணி நேரம் கிடைக்கும். தாமதமானால் அந்த அளவுக்குக் குறையும், ஏனென்றால் மதியம் அடுத்த ஆட்கள் வந்து நிற்பார்கள். எனக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சமாளித்துவிடுவேன். கபிதென் உடம்பு அப்படியில்லை. தண்ணீர் தங்கினால் நேராக நெஞ்சுக்கு ஏறி மூச்சை அடைக்கும். அதனால் மக்பாலுக்கு அந்தக் காரும், அந்த ரோடும், அந்த எட்டு மணியும்தான் உலகம்.

போன குளிர்காலத்தை ஏதோ ஒப்பேற்றிவிட்டோம். அதோடு டயர்கள் நான்கும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. இந்த இலையுதிர் காலத்தில், நாங்கள் மெஷினில் படுத்துக் கிடந்த நேரமெல்லாம் மக்பால் டயர் கடைகளில் கிடந்தாள். திரும்பி வரும்போது வழியெல்லாம் அதே பேச்சுதான்.

"வாத்தியாரே, சாதா டயரு மைனஸ் முப்பதுல கல்லு மாதிரி ஆயிடுமாம். பனிக்காலத்து ரப்பரு அப்பவும் மெத்துனு இருக்குமாம். பெருவிரலால அமுக்கிப் பாத்தேன்."

"கடைக்காரன் என்ன சொன்னான்?"

"'வீட்டுக்காரரக் கூட்டியாங்க அக்கா'ன்னான். அவரு மெஷின்ல கெடக்காரு, நீ எங்கிட்டப் பேசுன்னேன். அப்புறம் வழிக்கு வந்தான்."

ஆணி வைத்த டயரா, ஆணி இல்லாமல் பனியைக் கவ்விப் பிடிக்கும் ஒட்டு டயரா என்று ஒரு மாதம் யோசித்தாள். வெறும் பனிக்கட்டி மேல் ஆணிதான் நல்லது. ஆனால் எங்கள் ரோட்டில் காற்று பனியை வாரிக்கொண்டு போய்விடும், பாதி தூரம் வெறும் தார்தான். கடைசியில் ஒட்டு டயர் என்று முடிவு செய்தாள். "எதுவா இருந்தாலும் நாலும் ஒரே மாதிரி இருக்கணும். அதுதான் முக்கியமாம்," என்றாள். முதல் பனி விழும்வரை நான்கு டயரை எடுத்து வைப்பதாகக் கடைக்காரன் வாக்குக் கொடுத்தான்.

நான் முப்பத்தெட்டு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். ஒரு ரொட்டிக்காரி இவ்வளவு சரியாகக் கணக்குப் போடுகிறாளே என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

இனி அந்த மனிதர். கபிதெனின் அண்ணன். பெயர் தெமிர்போலாத். முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவன், நூறு கிலோவுக்கு மேல் இருப்பான். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதால் நான் அவனை அவன் இவன் என்கிறேன். மக்பால் அவன் பெயரையே சொல்ல முடியாது. கணவனுடைய அண்ணன் பெயர் மருமகள் வாயில் வரலாமா? கல்யாணமாகி வந்த வாரமே அவனுக்கு 'நெடுஞ்சாலை அத்தான்' என்று ஒரு பெயர் வைத்தாள். இருபத்துநான்கு வருடமாக அதேதான். எதிர்த்துப் பேசுவது என்பதெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது.

நவம்பர் கடைசியில் தெமிர்போலாத் வீட்டில் குளிர்காலக் கறிக்காகக் குதிரை அறுத்தார்கள். ஊரே விருந்துக்கு வந்திருந்தது. நானும் கபிதெனும் உப்பில்லாத ஒரு துண்டுக் கறியையும் அரைக் கிண்ணம் டீயையும் வைத்துக்கொண்டு மற்றவர்கள் தின்பதை வேடிக்கை பார்த்தோம். சாப்பாடு முடிந்ததும் தெமிர்போலாத் எழுந்து இரண்டு புத்தம் புதிய ஆணி டயர்களை உருட்டிக்கொண்டு வந்தான்.

"என் தம்பி உசுரு இந்த ரோட்டுலதான் ஓடுது. இது அவனுக்கு," என்றான். குரல் தழுதழுத்தது. அதில் நடிப்பு இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரியவர்கள் கையேந்தி அந்த டயர்களுக்கு ஆசி சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டோம். மக்பாலும் தடவிக்கொண்டாள். பிறகு மெல்ல, தரையைப் பார்த்தபடி, "அத்தான், கடையில நாலு டயரு சொல்லி வச்சிருக்கேன்..." என்று இழுத்தாள்.

"நாலு எதுக்கும்மா? ஒன் வண்டில எது இழுக்குது? முன்சக்கரம். இழுக்கற குதிரைக்குத்தான் ஓட்ஸு வைப்பாங்க. பின்னால சும்மா வர்றதுக்கு எதுக்குத் தீனி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனே ஜாக்கி போட்டு, அவனே நட்டு முறுக்கி, இரண்டையும் முன்னால் மாட்டினான். பின்னால் அந்த இரண்டு மொட்டை அப்படியே நின்றன. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? இதற்கு மேல் போய்க் கடையில் நான்கு டயர் வாங்கினால், அண்ணன் கொடுத்தது போதவில்லை என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். முதல் பனி விழுந்தது. கடைக்காரன் அந்த நான்கையும் வேறு யாருக்கோ விற்றுவிட்டான்.

எனக்கு அன்றைக்கே தெரியும். பிரேக் போட்டால் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் லேசாகிவிடுகிறது. முன்னால் ஆணி பிடித்துக்கொள்ளும், பின்னால் பிடிக்க ஒன்றுமில்லை. தலை நின்றுவிடும், வால் நிற்காமல் சுற்றிக்கொண்டு வரும். எட்டாம் வகுப்புப் பாடம். அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொன்னேன்? "நல்ல டயர்" என்று சொன்னேன்.

மறுநாள் காரில் மக்பால் வெடித்தாள். கபிதென் பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு அண்ணன்தான் அப்பா மாதிரி.

"நான் சொல்ல முடியாது வாத்தியாரே. இவரும் சொல்ல மாட்டாரு. நீங்க சொல்லலாம்ல? ஒங்க கூடப் படிச்சவர்தான? ஒரு வார்த்த, 'பின்னாலயும் ரெண்டு வேணும்டா'ன்னு. அவ்வளவுதான்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்னுல்ல சொன்னேன்."

தெமிர்போலாத் வீட்டுக்குப் போனேன். உட்கார வைத்தான், தலையணையை முதுகுக்குக் கொடுத்தான், தன் லாரிக் காலத்துக் கதைகளைச் சொன்னான். ஒன்றரை மணி நேரம். வாயில் கொழுக்கட்டையை வைத்தவன் மாதிரி இருந்துவிட்டு எழுந்து வந்தேன். மக்பாலிடம், "சொல்லிட்டேன், யோசிக்கறேன்னான்," என்றேன்.

ஆமாம், பொய் சொன்னேன்.

டிசம்பர் இரண்டாவது திங்கட்கிழமை, தானியக் கிடங்கு வளைவில் அது நடந்தது. மக்பால் லேசாகத்தான் பிரேக்கைத் தொட்டாள். எனக்குக் கீழே சீட்டு இடது பக்கம் நழுவுவது தெரிந்தது. அடுத்த நொடி நாங்கள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு பள்ளத்தில் நின்றோம். டிராக்டர் வந்து இழுத்துவிட இரண்டு மணி நேரம் ஆயிற்று. கபிதெனுக்கு மெஷினில் பாதி நேரம்தான் கிடைத்தது.

செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. மக்பால் வீட்டு வாசலில் தெமிர்போலாத் காத்திருந்தான்.

"ஆணி டயரு போட்டுக் குடுத்தும் பள்ளத்துல எறக்குனா நான் என்ன பண்றது? டயரு மேல தப்பா, ஸ்டியரிங்கப் புடிச்ச கை மேல தப்பா? புதன்கெழம நானே ஓட்டறேன். பாத்துக் கத்துக்க."

மக்பால் என்னைப் பார்த்தாள். 'யோசிக்கிறாரா?' என்று கேட்கிற பார்வை. நான் குனிந்து பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினேன்.

புதன்கிழமை மைனஸ் இருபத்தெட்டு. ரோட்டில் பனி பாம்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. தெமிர்போலாத் ஓட்டினான். பக்கத்தில் கபிதென், பின்னால் நானும் மக்பாலும். திங்களன்று சரியாக இறங்காத தண்ணீரில் கபிதெனின் முகம் வீங்கியிருந்தது. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினான். தெமிர்போலாத் மட்டும் உற்சாகமாக இருந்தான்.

"பாரு, முன்னால எப்படிக் கவ்வுது! தண்டவாளத்துல போற மாதிரி!"

அதே வளைவில் ரோட்டின் குறுக்கே ஒரு நரி ஓடியது. தெமிர்போலாத் லாரியை நிறுத்துகிற மாதிரி பிரேக்கை அழுத்தினான். முன்பக்கம் நின்றது. பின்பக்கம் எங்கள் இருவரையும் தூக்கிக்கொண்டு அரை வட்டம் அடித்தது. அதே பள்ளம். எங்களை இழுத்த டிராக்டரின் தடம்கூட இன்னும் அழியவில்லை.

யாருக்கும் அடியில்லை. தெமிர்போலாத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"டேய் மார்தென், நீ ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்துட்டடா. அதான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐம்பத்தெட்டு கிலோ இருக்கிறேன் நான்! வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"தெமிர்போலாத்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் கபிதென் பதறித் திரும்பினான். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. தெமிர்போலாத்தின் முகம் வெளிறிப்போய்விட்டது. அவனை அம்மணமாக ரோட்டில் நிறுத்தியிருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது.

"தெமிர்போலாத், எறங்கு. எம் புருசன் மூச்சு வாங்கறாரு. எறங்கிப் பின்னால வந்து உக்காரு. பின்னால பாரம் வேணும்."

அவன் இறங்கினான். அந்த நேரம் பனி தள்ளும் வண்டி ஒன்று வந்தது எங்கள் அதிர்ஷ்டம். கயிறு கட்டி இழுத்துவிட்டது. மக்பால் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். தெமிர்போலாத் தன் நூற்றுச் சொச்சம் கிலோவை என் பக்கத்தில் மொட்டை டயருக்கு மேலே வைத்தான்.

முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அவள் போகவில்லை. பிரேக் பக்கம் காலைக் கொண்டுபோகவே இல்லை. வளைவு வருமுன் கியரைக் குறைத்துக் குறைத்து, வண்டியைக் கைக்குழந்தையைப் போலக் கொண்டுபோனாள். அப்படியும் ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களுக்குக் கீழே பின்பக்கம் ஒரு சாண் நழுவி, பிறகு திரும்பியது. ஒவ்வொரு நழுவலுக்கும் தெமிர்போலாத் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டான்.

வெகு நேரம் கழித்து என் காதருகே மெல்லக் கேட்டான்.

"இது எப்பவுமே இப்படித்தான் ஆடுதா?"

"எப்பவுமே."

"நல்ல டயரு பின்னால இல்லாததாலயா?"

"ஆமா."

"ஒனக்கு இது மொதல்லயே தெரியுமா?"

முன்னால் மக்பாலின் தலை அசையவில்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"தெரியும்."

"நீ பிசிக்ஸ் வாத்தியாருடா." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "அந்தப் பொண்ணு பேச முடியாது. எந்தம்பி பேச மாட்டான். நான் ஒரு மடையன், லாரியத் தவிர எதுவும் தெரியாது. ஒனக்கு என்னடா கேடு? எங்கிட்ட ஏன் சொல்லல?"

கோக்ஷெதா வரும்வரை பதிலைத் தேடினேன், கிடைக்கவில்லை. மக்பாலுக்காவது வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தது. எனக்கு என்ன போட்டிருந்தது? விருந்து கெடக் கூடாது, பழைய நண்பன் முகம் சுருங்கக் கூடாது, நமக்கேன் வம்பு. அந்த வம்பு என் சீட்டுக்கு நேர் கீழேதான் இருந்தது.

அன்றைக்குக் கபிதெனுக்கு இரண்டேகால் மணி நேரம்தான் கிடைத்தது. அது போதவில்லை. மாலையே வார்டில் சேர்த்து மூக்கில் குழாய் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஒன்பது நாள் ஆயிற்று, அந்த ஒன்பது நாளும் மக்பால் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள்.

அவன் வீடு திரும்பிய மறுநாள் தெமிர்போலாத் வந்தான். அக்மோலா வட்டாரம் முழுக்கத் தேடி நான்கு ஒட்டு டயர் கொண்டுவந்திருந்தான். நான்கும் ஒரே மாதிரி, ஆணி இல்லாதவை. ஊரில் நாலு பேர் வேடிக்கை பார்க்க, ஜாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் கேட்டான்.

"எத எங்க மாட்டணும்னு நீயே சொல்லும்மா."

மக்பால் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாலும் ஒண்ணுதான் அத்தான். எங்க வேணா மாட்டலாம்."

மறுபடி அத்தான்தான். அன்றிலிருந்து இன்றுவரை அவன் பெயர் அவள் வாயில் வரவில்லை. ஊர்ப் பெண்கள் அந்தப் புதன்கிழமையைப் பற்றிக் கேட்டால், "நானா? அவரு பேரே எனக்குத் தெரியாதே," என்கிறாள்.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது. பின்சீட்டில் ஒரு அசைவும் இல்லை, எட்டுக்கு முன்பே போய்விடுகிறோம். என்னிடமும் அவள் முன்போலத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள், கட்டிவைத்த ரொட்டியைக் கொடுக்கிறாள். நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் திங்கள், புதன், வெள்ளி, சாவியைத் திருகுமுன் கண்ணாடியில் என்னைப் பார்ப்பாள்.

"வாத்தியாரே, கெளம்பலாமா? இல்ல, சொல்ல வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கா?"