கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்குள் இருந்தவள்

கொடைக்கானலில் டிசம்பர் பிறந்தால் எங்கள் கோயில் பாடகர் குழு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும். கூடவே சிவப்பு அங்கியும் பிளாஸ்டிக் முகமூடியும் போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா ஒருவர் ஆடி வருவார். அந்த வேஷம் ஆண்களுக்குத்தான் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அண்ணன்தான் வருஷா வருஷம் கட்டுவார். அந்த வருஷம் அவருக்குக் காய்ச்சல். வேறு ஆண் யாரும் முன்வரவில்லை. சும்மா கிடந்த அங்கியை நான் மாட்டிக்கொண்டேன். குழுவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

கடைசி வீட்டில் டிவியில் ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாத்து ஒன்று பின்பக்கமாகவே நடந்து நடந்து ஆடும். அப்போது எந்தப் பிள்ளை வாயிலும் அந்தப் பாட்டுத்தான். தாத்தாவும் ஆடினால்தான் ஆச்சு என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பாட்டில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. கால் மட்டும் தானாகக் கிளம்பியது. நான் கேரட் கழுவும் வேலை பார்ப்பவள். தண்ணீர்த் தொட்டியில் இறங்கி, கேரட்டை மிதித்து உருட்டி, குதிகாலைப் பின்னால் தள்ளித் தள்ளி மண்ணைப் போக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இங்கே வந்ததிலிருந்து என் வீட்டில் அதுதான் பிழைப்பு. அன்றைக்கு அந்த மிதியையே ஆடினேன்.

அந்த வீட்டு விருந்தாளி ஒருவர் அதைச் செல்போனில் பிடித்தார். ப்ளூடூத்தில் போன் விட்டுப் போன் தாவி, ஜீப் டிரைவர்கள் கையோடு தாண்டிக்குடி, கிளாவரை மலைக்கிராமங்களுக்கும் போய்விட்டது. பழனியில் ஒரு செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஆண்டுவிழா மேடைகளில் பிள்ளைகள் தாடி ஒட்டிக்கொண்டு என் மிதியை ஆடினார்கள். அதையும் யாராவது பிடித்து அனுப்பினார்கள்.

பாராட்டு முழுக்க வேன் அண்ணனுக்கு. அவரும் மறுக்காமல் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. ஆடியது நான் என்று ஊருக்குச் சொல்லுங்கள் என்று குழுச் செயலாளரிடம் போய் நின்றேன்.

"பொம்பள ஆடுனான்னு தெரிஞ்சா கோயிலுக்குத்தாம்மா கேவலம்," என்றார். "அவரே ஆடுனதா இருந்துட்டுப் போகட்டும்."

எது கேவலம்? ஊரே பார்த்துச் சிரித்துக் கொண்டாடிய ஆட்டம், ஆடியவள் பெயர் தெரிந்ததும் கேவலமாகிவிடுமா? குழுவில் பாடும் இடமும் போய்விடுமே என்று பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றும் என்மேலேயே கோபம் வருகிறது.

மறு டிசம்பரில் முதல் வீட்டு வாசலிலேயே கூட்டம், தூக்கிப் பிடித்த செல்போன்கள். அண்ணன் வேஷத்தில் இறங்கினார். மூன்றாவது மிதியில் கால் பின்னிக்கொண்டு தடுமாறினார். போன தடவை இப்படி இல்லையே என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அவருக்கு மூட்டுவலி என்று செயலாளர் கூசாமல் சொன்னார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, சேலையும் ஸ்வெட்டருமாக நடுவில் போய் நின்றேன். செயலாளர் கையைக் காட்டித் தடுத்தார்.

"போன வருசமும் நாந்தாங்க ஆடுனேன்," என்றேன். "இப்பப் பிடிங்க, மூஞ்சி தெரியிற மாதிரி."

பிள்ளைகள் பாட, முழுப் பாட்டுக்கும் ஆடினேன்.

அடுத்த ஞாயிறே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்த வீடியோ முதலாவதைப் போல ஓடவும் இல்லை. தாத்தா வேஷம் இல்லாத பெண்பிள்ளை ஆட்டத்தை எத்தனை பேர் அனுப்புவார்கள்? போகட்டும். இதில் ஆடுவது யார் என்று ஒருவரும் கேட்க வேண்டியதில்லை.