கடைசிக் கிண்ணத்துக்குக் கைதட்டியவன்

மிச்சம் என்கிற ஆங்கிலேய ஊரில் நான் வேலை செய்த கிடங்கில் மார்க்கோ என்றொரு மொண்டெனேகுரோக்காரன் இருந்தான். சேர்பியாவை விட்டுப் பிரிய அவன் நாட்டார் வாக்களிக்கவிருந்த 2006ஆம் ஆண்டு அது. இரண்டும் ஒன்றாயிருந்த நாட்டின் கடைசிக் கால்பந்துக் கிண்ண இறுதியாட்டத்தைக் கன்டீன் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தவன், சேர்பிய அணியொன்று கோல் போட்டதும் எழுந்து கைதட்டினான்.

ஈழம் கேட்டு ஊர்வலம் போன எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தனிநாடு கேட்டுவிட்டு அவங்களுக்கே கைதட்டுகிறாயா, வெட்கங்கெட்டவனே!" என்று ஆங்கிலத்தில் கத்தி, கம்ப்யூட்டரை அணைத்தேன். அவன் என் சட்டையைப் பிடித்தான்.

விலக்க வந்த எங்கள் ஊர்ச் செல்வி என்மேல்தான் சீறினாள்.

"அண்ணை, கிரிக்கெட்டில சிறிலங்கா கப் வெண்ட அண்டைக்கு மேசையில ஏறி நிண்டு கத்தினது ஆர்? நீங்கள்தானே!"

நான் மார்க்கோவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் பிறகு என்னோடு பேசவே இல்லை.

சிறிலங்கா ஆடினால் இப்போதும் பார்க்கிறேன், சத்தத்தைக் குறைத்துவிட்டு.