அம்மாவின் செம்பில் நான் கட்டிய சிவப்பு நூல்

பள்ளிக்கூடத்தில் ஆரோக்கிய சாஸ்திரம் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் வகுப்பிலேயே முதல் மார்க் எனக்கு. அந்த முதல் மார்க்குதான் எங்கள் அம்மாவின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷங்களுக்கு முன்பு நடந்தது இது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்ததென்று கடிதம் வராதா என்று காத்திருந்தேன். தென்காசியில் எங்கள் தெருமுனையில் தபால்காரர் தலை தெரிந்தாலே வாசலுக்கு ஓடுவேன். எனக்கு மூன்று வயதாயிருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா பயிற்சி பெற்று, ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஆனாள். பதினான்கு வருஷமாக அதே வகுப்பு, அதே நாற்காலி. வீட்டில் நானும் அவளும்தான்.

அந்த வருஷம் தை மாதப் பனியில் அம்மா விசிறியைக் கையில் எடுத்தாள். ஊரே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காலை நேரத்தில், மாவாட்டிக்கொண்டிருந்தவள் குழவியை அப்படியே விட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவாள். நெஞ்சிலிருந்து ஒரு சிவப்புக் கிளம்பி, கழுத்தில் ஏறி, காது மடல்வரை பரவும். நெற்றியில் முத்து முத்தாக வேர்க்கும். அவள் கட்டுவது வெள்ளைப் புடவை. வேர்வையில் அது முதுகோடு ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். ஐந்து நிமிஷத்தில் சூடு இறங்கிவிடும். இறங்கியதும் குளிர்கிறதென்று போர்வையைத் தேடுவாள். நெஞ்சு படபடக்கிறது என்பாள், முழங்கால் வலிக்கிறது என்பாள், தூக்கமே இல்லை என்பாள். குழம்பில் உப்புப் போட்டோமா என்பது மறந்துபோய், இரண்டு தரம் போட்டுவிட்டு என் மேல் எரிந்து விழுவாள்.

என்னவென்று கேட்டால் ஒரே பதில்: “சூடு.”

சூட்டுக்கு உண்டானதையெல்லாம் செய்து பார்த்தோம். ஊறவைத்த வெந்தயம், நீர்மோர், இளநீர், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். ஒன்றும் பலிக்கவில்லை. எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு பொருளுக்குப் பெயர் தெரியாமல் என்னால் அரை நாள்கூட இருக்க முடியாது. முதலில் மலைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினேன். செங்கோட்டைப் பக்கம் அது சகஜம். அதற்கென்று தபாலாபீஸில் விற்கும் கொயினா மருந்தை வாங்கி வந்து கொடுத்தேன். அம்மாவின் காதில் இரண்டு நாள் வண்டு ரீங்காரமிட்டதுதான் மிச்சம். அடுத்ததாக, தெரிந்த வீட்டிலிருந்து தர்மாமீட்டர் இரவல் வாங்கினேன். அவள் முகம் கங்காகச் சிவந்திருக்கும் நேரம் பார்த்து வாயில் வைத்தால், பாதரசம் சாதாரண அளவுக்கு மேல் ஒரு நூல் ஏறாது. உதறி உதறி மறுபடி வைப்பேன்.

“ஏட்டி, அந்தக் கண்ணாடிக் குச்சிய இன்னொரு தரம் வாய்கிட்ட கொண்டுவந்தேன்னா கடிச்சுத் துப்பிருவேன்” என்றாள் அம்மா.

மறுபடியும் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். சாயங்காலத்தில் உடம்பு சுடுதல், தூக்கத்தில் வேர்த்தல், களைப்பு, படபடப்பு. வரிசையாகப் போட்டிருந்தது. மேலே தலைப்பு, காசநோய்.

கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும், நான் எப்போதும் செய்கிற மாதிரி, காரியத்தில் இறங்கினேன். அம்மா தண்ணீர் குடிக்கும் பித்தளைச் செம்பின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டித் தனியாக வைத்தேன். அவள் தட்டை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். “இதென்னட்டி கூத்து?” என்று கேட்டவளுக்கு, “சுத்தம்” என்று சொல்லி வைத்தேன்.

இன்னொரு காரணம் இருக்கலாமென்று எனக்குத் தோன்றவே இல்லை. பெண்களுக்கு ஒரு வயதில் மாதவிலக்கு நின்றுபோகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அம்மாதான் மாதம் தவறாமல் மூன்று நாள் பின்னறையில் ஒதுங்கி உட்காருகிறாளே! பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கொல்லைவழியாகப் போய் வருவாள். வந்ததும் பாய், தட்டு எல்லாம் தனி. சமையல் என் பொறுப்பு. கண்ணால் பார்ப்பதை யார் சந்தேகிப்பார்கள்?

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் பள்ளி மானேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் கையெழுத்து நன்றாயிருக்கும், வாக்கியமும் நன்றாய் வரும். அம்மாவின் உடல்நிலையை ஒன்று விடாமல் வர்ணித்து, நெஞ்சுநோய் ஏற்பட்டிருக்கலாமென்று அஞ்சுவதாகவும், இரண்டு மாதம் ஓய்வும் திரும்பி வந்தபின் லேசான வேலையும் தந்து உதவ வேண்டுமென்றும் கேட்டிருந்தேன்.

மறுநாளே பியூன் பதிலைக் கொண்டுவந்தான். நுரையீரலில் நோய் இல்லையென்று டாக்டர் சர்டிபிகேட் கொடுக்கும்வரை அம்மா குழந்தைகள் பக்கம் வரக்கூடாது. பதினைந்து நாளில் கொடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

அம்மா அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“என்னட்டி எழுதுன?”

“உள்ளதைத்தான் எழுதுனேன். லேசான வேலையாக் கொடுங்கன்னு கேட்டேன்.”

“எனக்கு உள்ளது என்னன்னு உனக்குத் தெரியுமோ?”

“தெரியாமலா முதல் மார்க் வாங்குனேன்?”

“பதினாலு வருசம். ஒருநாள் மணி அடிச்ச பெறகு போனதில்ல. ஒரு தாள்ல முடிச்சிட்டியே!”

“அப்ப என்னன்னு நீதான் சொல்லேன்!”

அம்மா கடிதத்தை நாலாக மடித்தாள். “சூடு” என்றாள்.

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டரிடம் போவோமென்றால் அதற்கும் வரமாட்டாள். தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர் ஆண்பிள்ளை, கம்பவுண்டர் எங்கள் தெருக்காரர். “அவியகிட்டப் போயி என்னத்தச் சொல்லச் சொல்லுத?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாள் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் காட்டுவதற்குள் நெஞ்சு கொஞ்சம் தேறட்டும் என்று நானாக ஒரு திட்டம் போட்டு, மாட்டுவண்டி பிடித்துக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். அருவி என்றதும் அம்மா மறுக்கவில்லை.

நல்ல சாரல். பெண்கள் பக்கம் ஈரப்புடவையோடு எல்லாரும் பல்லைக் கிட்டித்துக்கொண்டு நின்றார்கள். எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு பெண், அம்மாவை விடக் கொஞ்சம் இளையவள், பாறைமேல் அம்மாவை உட்காரவைத்து முதுகில் தேய்க்கத் தொடங்கினாள். நான் நாலடி தள்ளித் துணி பிழிந்துகொண்டிருந்தேன். அம்மாவின் கழுத்தில் அந்தச் சிவப்பு ஏறுவது தெரிந்தது. அந்தப் பெண் கையை எடுத்துவிட்டாள்.

“ஊரே நடுங்கிக்கிட்டு நிக்கி. உங்க முதுகு தோசைக்கல்லால்லா இருக்கு! எத்தன மாசமாச்சும்மா, நின்னு?”

அம்மா ஏதோ முணுமுணுத்தாள்.

“காதுல விழலம்மா! அருவிச் சத்தம்!”

அம்மா கொஞ்சம் உயர்த்திச் சொன்னாள். அதுவும் விழவில்லை.

“தையிலயே நின்னுட்டு!” என்று கத்தினாள் அம்மா.

ஆறு மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அருவிக்கரை முழுக்கக் கேட்டது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள்.

“இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய?” என்றாள் எண்ணெய்க்காரி. “எனக்கும் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஏதோ, பொழப்பு அருவிக்கரையிலயே அமைஞ்சிட்டு. அடுப்படியில நிக்கவ என்ன செய்வா, பாவம்!”

நான் துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். “தையிலயா? போன மாசங்கூட பின்னறையில உக்காந்தியே!”

“வாய மூடு. வண்டிக்கு வா” என்றாள் அம்மா.

வண்டியிலும் உடனே பேச முடியவில்லை, வண்டிக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏற்றத்தில் அவர் இறங்கி மாட்டுக்குப் பக்கத்தில் நடந்தபோதுதான் கேட்டேன். “ஏம்மா இந்த நாடகம்? வயசாயிட்டுன்னு தெருவுல பேசுவாவன்னா, பேசிட்டுப் போகட்டுமே.”

“வயசாயிட்டுன்னா பேசுவாளுவ? புருசன் இல்லாதவ மூணு மாசமா ஒதுங்கலன்னா, எதிர்வீட்டுக்காரி விரல் விட்டு எண்ணுவா. அவ எதை எண்ணுவான்னு உன் புத்தகத்துல போட்டிருக்கா?”

புத்தகத்தில் அது இல்லை. நின்றுபோவதைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

“அதோட,” என்றாள் கொஞ்சம் கழித்து, “அந்த மூணு நாள்தான் வெறுந்தரையில ஈரத்துணிய விரிச்சுப் படுக்கலாம். யாரும் என்ன ஏதுன்னு கேக்கமாட்டாவ. தொடக்கூடாதுன்னு நீயும் தர்மாமீட்டரத் தூக்கிட்டு வரமாட்ட.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை. எதிர்வீட்டுக்காரிமேலா, பாடப்புத்தகம் எழுதினவர்மேலா, எண்ணெய்க்காரியிடம் கத்திச் சொன்னதை என்னிடம் மெதுவாகக்கூடச் சொல்லாத அம்மாமேலா?

தெரிந்த முகமே இல்லாத இடம் வேண்டுமென்றாள். பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டர் இருப்பதாக விசாரித்து, ரயிலேறிப் போனோம். அந்த அம்மாள் குழலை வைத்து முன்னும் பின்னும் நிதானமாகக் கேட்டார். நெஞ்சில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு அம்மாவைத் தனியாக விசாரித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார். மாதவிலக்கு நிற்கிற வயதில் வரும் சூடுதான் இதெல்லாம் என்றார்.

“இதற்கு என்ன மருந்து?” என்றேன்.

“என்னிடம் மருந்து இல்லை. லேசான பருத்தித் துணி கட்டட்டும், ஜன்னலோரம் படுக்கட்டும், காப்பியைக் குறைக்கட்டும். அது வரும்போது வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் உட்காரட்டும்.”

“எத்தனை நாளைக்கு?”

“நாளா? ஒருத்தருக்கு இரண்டு வருஷம், ஒருத்தருக்கு ஐந்து.”

நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டால் மருந்தும் கூடவே வரும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். ரயிலேறி இவ்வளவு தூரம் வந்தது ஜன்னலோரம் படுக்கச் சொல்லவா? அம்மாவுக்கோ கவலை வேறு. “தாள்ல என்ன எழுதுவீங்க?” என்று கேட்டாள்.

“நுரையீரலில் நோயில்லை, வேலை பார்க்கலாம். அவ்வளவுதான்.”

அம்மா மூச்சு விட்டாள்.

அந்தச் சர்டிபிகேட்டோடும் முடியவில்லை. அப்படியானால் முதல் கடிதத்துக்கு என்ன அர்த்தமென்று எழுதியவளே விளக்க வேண்டும் என்றார் மானேஜர். மூன்று முறை எழுதினேன். எப்படிச் சுற்றி வளைத்தாலும் உண்மையான காரணம் ஒரு வரி எட்டிப் பார்த்தது. மூன்றையும் அம்மா கிழித்துப் போட்டாள்.

“பியூன்ல இருந்து கிளார்க் வரைக்கும் வாசிக்கட்டும்னு பாக்கியா? அதுக்கு நான் வேலைய விட்டுட்டு இருந்துக்கிடுவேன்.”

மெய்யாகவே விட்டிருப்பாள். நாலாவது கடிதத்தை அவளே சொன்னாள், நான் எழுதினேன். ‘நோய்களைப் பற்றிய போதிய அறிவு இல்லாமையால் தவறாக எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.’ கீழே என் கையெழுத்து. ஆரோக்கிய சாஸ்திரத்தில் முதல் மார்க் வாங்கிய அதே கை.

பதினைந்து நாள் கெடுவில் பதின்மூன்றாம் நாள் அம்மா வகுப்புக்குப் போனாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். சூடு ஏறும்போது முன்வரிசைப் பிள்ளைகள் நான் நீ என்று போட்டி போட்டுச் சிலேட்டால் விசிறுவார்களாம். முகத்தில் சிலேட்டுத் தூள் அப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மாதாமாதம் பின்னறையில் உட்காருவதையும் அவள் விடவில்லை. ஒரு பொய்க்காக நான் மூன்று நாள் அடுப்பில் வெந்தேன். சூட்டுக்குப் பயப்பட வேண்டியவள் குளுகுளுவென்று தரையில் படுத்திருந்தாள்.

ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்தச் செம்பின் கழுத்து நூலை வெட்டப் போனேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவமானமாயிருந்தது. அம்மா எட்டிச் செம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

“கெடக்கட்டும்ட்டி. நூல் இருந்தாத்தான் நீ இதுல வாய் வைக்க மாட்ட. எனக்குன்னு எந்நேரமும் தண்ணி இருக்கும்.”

சொல்லும்போதே கழுத்தில் சிவப்பு ஏறியது. செம்பைச் சாய்த்துப் பாதியைக் குடித்தாள், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.